மாடி ஜன்னலுக்கு ஒரு மாஸ்டர்

"குதிக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. குட்டிக்கரணம் போடுறது, தலைகீழா நிக்கிறது, இதெல்லாம் இந்த ஜென்மத்துக்குக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே எழுதிய கண் டாக்டர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஆமா, என்ன வேலை பாக்குறீங்க?"

"ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாஸ்டருக்கு இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் பதினாறு. கண்ணாடியைக் கழற்றினால், மூக்கருகே பிடித்த விசில் நன்றாகத் தெரியும். கையைக் கொஞ்சம் நீட்டினால் விசிலும் போய்விடும், கையும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சோடாபுட்டி. அது அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, ஏதோ ஞாபகத்தில் "என்னப்பா?" என்று அவரே திரும்பியும் இருக்கிறார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இவ்வளவு பவர் இருக்கிற கண்ணு நீளமாகிவிடும், அதனால் உள்ளே இருக்கும் விழித்திரை இழுபட்டு, நைந்த துணி போல ஆகிவிடும். இப்போதைக்குக் கிழிசல் இல்லை. ஆனால் ஒரு பலமான குலுக்கல் போதும். நடக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் மிதிக்கலாம். கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கருப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, மறு நிமிடம் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் சம்சாரம், பவரைக் குறைக்க மாத்திரை உண்டா என்று கேட்டார்.

"பவரைக் குறைக்கிற மாத்திரை உலகத்துலயே கிடையாதும்மா. உங்க திருப்திக்கு வேணும்னா ஒரு சத்து மாத்திரை எழுதித் தர்றேன். தினம் ஒண்ணு. அதுக்கு மேல போட்டா கண்ணுக்கும் பிரயோஜனமில்லை, வயித்துக்கும் நல்லதில்லை."

சம்சாரத்தின் காதில் 'எழுதித் தர்றேன்' என்பது மட்டும்தான் விழுந்தது.

அந்த அம்மாவுக்கு பஸ் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் வேலை. எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்த வாசல் என்று யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். வீடு திரும்பும் வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: தலைமையாசிரியையிடம் நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

மாஸ்டர் மாட்டேன் என்றார். அவருக்கு முன்னால் இருந்த பி.டி. மாஸ்டர் இப்படித்தான் வாயை விட்டு மாட்டிக்கொண்டார். மூட்டுவலி என்று ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே அவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே உட்கார்ந்து புத்தகங்களைத் தூசி தட்டித் தும்மிக்கொண்டிருக்கிறார். நம் மாஸ்டரால் அந்தக் கதியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சின்ன வயதில் கண்ணாடியை எலாஸ்டிக் போட்டுக் கட்டிக்கொண்டு ஓடி ஓடி ஜெயித்தவர் அவர். வேறு எங்கே போனாலும் தடுமாறுகிறவர், மைதானத்தில் இறங்கிவிட்டால் ராஜா. அதை விட்டுவிட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அதோடு, அவர் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் மறைக்க முடியாதபடி மேலே ஒரு ஜன்னல் இருந்தது.

தலைமையாசிரியையின் அறை மாடியில். அந்த அறையின் ஜன்னல் நேராக மைதானத்தைப் பார்த்தது. தினமும் காலையில் முதல் பீரியடில் தலைமையாசிரியை அங்கே வந்து நிற்பார். பக்கத்தில் அட்டெண்டர் அக்கா நிற்பார். தலைமையாசிரியை என்றால் பள்ளிக்கூடமே நடுங்கும். விடைத்தாளை மூக்குக்கு நேராகப் பிடித்து, தப்பை மோந்து பார்த்தே கண்டுபிடிப்பார் என்று பெயர். எதிரில் யார் வந்தாலும், தினம் பார்க்கிற முகமாக இருந்தாலும், "யாரது?" என்று அதட்டுவார். பெயரும் பதவியும் சொன்ன பிறகுதான் பேச்சு. அட்டெண்டர் அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. சுற்றறிக்கை கொண்டுவந்தால் ஆளைத் தேடிப் போகிற வழக்கமெல்லாம் கிடையாது. மைதானத்தின் நடுவில் நின்று நாலா பக்கமும் பார்த்து "மாஸ்டர் சார்" என்று குரல் கொடுப்பார். ஓடி வந்து வாங்கிக்கொள்ள வேண்டியது மாஸ்டரின் பொறுப்பு.

மாஸ்டர் மறுநாளிலிருந்து வாயாலேயே உடற்பயிற்சி செய்தார். மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை இப்படி மடக்கு, இடுப்பை அப்படி வளை என்று உத்தரவு போட்டார். ஒரு மாணவி, "சார், ஒருதரம் செஞ்சு காட்டுங்க சார்" என்றாள்.

"நான் செஞ்சா நீங்க என்னைப் பாப்பீங்க. அவங்கவங்க உடம்பைப் பாக்க மாட்டீங்க" என்றார் மாஸ்டர்.

சொன்னது என்னவென்று அவருக்கே புரியவில்லை. ஆனால் பிள்ளைகள் குனிந்து அவரவர் உடம்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். இந்த மாதிரி வசனங்கள் கைவசம் அதிகம் இல்லாததால், அடுத்த வாரத்திலிருந்து எல்லா வகுப்பையும் நடக்கவிட்டார். வரிசையாக, வேகமாக, கையை வீசி நடக்க வேண்டும். ஓட்டமில்லை, தாண்டலில்லை. மைதானத்தைச் சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கூடமே நடந்தது. மாஸ்டர் நடுநடுவே விசில் ஊதினார். அந்த வாரக் கடைசியில் ஆசிரியர் கூட்டம் வந்தது.

கூட்டத்தில் தலைமையாசிரியை எழுந்து நின்றார். "இன்னைக்குக் காலையில நம்ம பி.டி. மாஸ்டர் மைதானத்துல தலைகீழா நின்னாரு. ஆடல, அசையல. நீங்களும்தான் இருக்கீங்க, நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு" என்றார்.

அத்தனை ஆசிரியர்களும் மாஸ்டரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்கள். மாஸ்டர் தனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் அன்று காலை அவர் மரத்தடி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். சம்சாரம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இது பாராட்டு இல்லைங்க. எச்சரிக்கை. எங்க மேலாளரும் இப்படித்தான். கவுண்டர் ரொம்பச் சுத்தமா இருக்கேன்னு சொன்னா, எழுந்து போய்ப் பெருக்குன்னு அர்த்தம். நீங்க சும்மா உக்காந்திருக்கிறது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. தலைகீழா நில்லுன்னு மரியாதையா சொல்லியிருக்காங்க."

அப்படிப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைகீழாக நிற்காவிட்டால் நூலகம். நின்றால் விழித்திரை. அப்போதுதான் சம்சாரம் தன் தம்பியை நினைத்துக்கொண்டார்.

தம்பிக்கு வீட்டில் பெயர் பயில்வான். காலையும் மாலையும் ஜிம்முக்குப் போவதும், நடுவில் கண்ணாடி முன்னால் நிற்பதும்தான் அவன் உத்தியோகம். இரண்டு கையும் விலாவில் படாமல் அகற்றி வைத்துத்தான் நடப்பான். உயரத்தில் மாஸ்டருக்குச் சரியாக இருந்தான். சுற்றளவில் ஒன்றுக்கு ஒன்றரையாக இருந்தாலும், மாடியிலிருந்து பார்த்தால் அது தெரியாது என்று அக்கா முடிவு செய்தார். பயில்வான் உடனே சம்மதித்தான். இத்தனை நாள் வளர்த்த உடம்பைப் பார்க்க நாலு பேர் கிடைப்பார்கள் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அதன் பிறகு, முதல் பீரியடில் மாஸ்டரின் டிராக் சூட்டும் தொப்பியும், லென்ஸ் கழற்றிய பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டமும் போட்டுக்கொண்டு பயில்வான் பின்வாசல் வழியாக வந்தான். மைதானத்தின் கோடியில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தலைகீழாக நின்றான். பிள்ளைகளுக்கு அவன் புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர். மாடி ஜன்னலுக்கு மட்டும் அவன்தான் மாஸ்டர். உண்மையான மாஸ்டர், காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே விளையாட்டுச் சாமான் அறையில் ஒளிந்துகொண்டு, கதவு இடுக்கு வழியாக விசில் ஊதினார்.

இரண்டு நாள் கழித்துத் தாழ்வாரத்தில் தலைமையாசிரியை எதிரே வந்தார்.

"யாரது?"

"நான்தான் மேடம், பி.டி."

"ஆங், மாஸ்டர். இன்னைக்குக் கயிறு ஏறினது பிரமாதம். காலை உபயோகிக்காம கையாலேயே ஏறிட்டீங்க."

தலைகீழாக நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைதானத்தில் கயிறே இல்லை. மாஸ்டர் போய்ச் சொன்னதும், சம்சாரத்துக்கு அடுத்த உத்தரவு பளிச்சென்று விளங்கிவிட்டது. கயிறிழுக்கும் போட்டிக் கயிற்றை எடுத்து மரத்தில் கட்டினார்கள். பயில்வான் ஏறினான். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து இறங்கினான். அந்தச் சிராய்ப்பு ஆறுவதற்குள், மாஸ்டர் இரண்டு தோளிலும் இரண்டு ஆளைச் சுமந்தபடி மைதானத்தைச் சுற்றி வந்ததற்காகத் தலைமையாசிரியை காலை வணக்கக் கூட்டத்திலேயே பாராட்டிவிட்டார். பயில்வான் அதையும் செய்தான். எதைச் செய்தாலும் அவர்கள் ஒரு படி பின்னால்தான் இருந்தார்கள். இதைச் செய்து முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த பாராட்டு வந்து நின்றது.

"மாமா, இவங்க என்ன பி.டி. மாஸ்டர் வெச்சிருக்காங்களா, சர்க்கஸ் வெச்சிருக்காங்களா?" என்றான் பயில்வான்.

இதற்கிடையில் வீட்டில் வைத்தியம் தனியாக நடந்தது. தினம் ஒன்று என்று டாக்டர் சொன்னதை, வேளைக்கு ஒன்று என்று சம்சாரம் ஆக்கிக்கொண்டார். கூடவே கேரட். காலையில் சாறாக, மத்தியானம் வேகவைத்து, ராத்திரி பச்சையாக. கணவர் கண் என்றால் அந்த அம்மாவுக்கு அவ்வளவு கவலை. கவலையை வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் கேரட்டாகக் காட்டினார். ஒரு மாதத்தில் மாஸ்டரின் பவர் அப்படியே இருந்தது. உள்ளங்கை மட்டும் மஞ்சளாகிவிட்டது. வயிறு சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஆசிரியர் அறையில் அவருக்குக் காமாலை என்று முடிவுகட்டி, நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் அவர் தொட்ட சாக்பீஸைத் தொடவில்லை. தலைமையாசிரியை மட்டும்தான், அந்த மஞ்சள் கையிலிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை. பெரிய மனுஷி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் உருகிப்போனார். கடைசியில் டாக்டரிடம் போனபோது, கேரட்டை அளவோடு நிறுத்துங்கள், நிறம் தானாகப் போய்விடும், மாத்திரை தினம் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று முன்பு சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்லி அனுப்பினார்.

கை வெளுக்கத் தொடங்கிய நேரத்தில்தான் இடி விழுந்தது.

பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி வருகிறார். கூட்டத்தில் தலைமையாசிரியை பெருமையோடு அறிவித்தார்: "ஒத்தைக் கையில தலைகீழா நின்னுக்கிட்டே மாஸ்டர் விசில் ஊதுவாரு. இத்தனை நாள் நான் மட்டும் ஜன்னல்ல நின்னு ரசிச்சதை, ஊரும் பாக்கட்டும்."

பயில்வானை மாடி ஜன்னலுக்குக் காட்டலாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கும், பெற்றோருக்கும், சக ஆசிரியர்களுக்கும் எப்படிக் காட்டுவது? முகத்தில் சாயம் பூசலாமா, தொப்பியை இன்னும் இறக்கலாமா என்று குடும்பமே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சிக்கலைப் பயில்வானே தீர்த்துவைத்தான். ஒற்றைக் கையில் நின்று பழகும்போது விழுந்து, மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றான்.

"இனிமே என்னை விட்டுடுங்க மாமா. இதுவரைக்கும் நான் நின்னதுக்கெல்லாம் பேரு உங்களுக்கு. விழுந்ததாவது எனக்குன்னு இருக்கட்டும்" என்றான்.

அன்று சம்சாரம் சத்தம் போடவில்லை. அதுவே மாஸ்டருக்கு வித்தியாசமாக இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான்தான் தப்புத்தப்பா யோசனை சொல்லிட்டேன். போய் உண்மையைச் சொல்லிடுங்க. வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம். கண்ணு போனா நான் எந்தக் கடையில போய் வாங்குவேன்?" என்றார். மாஸ்டர் சரி என்று தலையாட்டினார். ஆனால் மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. தினமும் தலைமையாசிரியையின் அறை வாசல் வரைக்கும் போவார். நூலகத்திலிருந்து தும்மல் சத்தம் கேட்கும். திரும்பி வந்துவிடுவார்.

விழா நாளும் வந்துவிட்டது. முன்வரிசை நடுவில் கல்வி அதிகாரி. அவர் பக்கத்தில் தலைமையாசிரியை. தலைமையாசிரியையின் காதருகே குனிந்தபடி, வழக்கம்போல அட்டெண்டர் அக்கா. பெற்றோர் கூட்டத்தில் சம்சாரமும், கட்டுப் போட்ட கையோடு பயில்வானும் இருந்தார்கள். மாஸ்டர் மைதானத்தின் நடுவில் விரித்திருந்த மெத்தைக்கு நடந்து போனார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நொடி, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று மனசு அவரை ஏமாற்றப் பார்த்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். கூட்டம் மறைந்தது, கட்டடம் மறைந்தது. முழங்காலை ஊன்றி, மெத்தையின் விளிம்பைத் தாண்டிப் புல்லில் ஒரு கையை வைத்தார். தலையை இறக்கினார். முகம் தரையை நெருங்கியபோது ஓர் எறும்பு தெரிந்தது. அதன் ஒவ்வொரு காலும் தனித்தனியாக, துல்லியமாகத் தெரிந்தது. வாயில் எதையோ கவ்விக்கொண்டு ஒரு புல்லைச் சுற்றிப் போனது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுகூடத் தெரியாமல் போய்விட்டால் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வேலையாவது மண்ணாவது என்று எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

எழுந்துவிட்டார் சரி, இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. கை பழக்கத்தில் விசிலை எடுத்து ஊதினார்.

அந்த விசிலுக்கு மாதக்கணக்காக ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. ஓரத்தில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் நடக்கத் தொடங்கினார்கள். வரிசை கலையாமல், கையை ஒன்றாக வீசி, திருப்பத்தில் ஒன்றாகத் திரும்பி, மைதானம் முழுவதும் நடந்தார்கள். மாஸ்டரும் கூடவே நடந்தார். பார்த்தவர்களுக்கு அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைக் கை எப்போது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

நடை முடிந்ததும் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார்.

"நம்ம மாஸ்டர் ஒத்தைக் கையில நின்னதை எல்லாரும் பாத்திருப்பீங்க. இந்த மாதிரி ஒரு காட்சியை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லை."

கூட்டம் திருதிருவென்று விழித்தது. ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். அவர் அதற்கு அடுத்தவரைப் பார்த்தார். தலைமையாசிரியையே சொல்கிறார் என்றால் நடந்திருக்கத்தானே வேண்டும்? தான் கண்ணசந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று பயந்துபோன கல்வி அதிகாரி, மற்ற எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார். அதைப் பார்த்துக் கூட்டமும் தட்டியது. கணக்கு டீச்சர்கூடத் தட்டினார்.

மாஸ்டருக்கு அந்தக் கைதட்டல் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது. இதற்கு மேல் ஒருத்தர் குத்திக் காட்ட முடியாது. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் மாடிப்படி ஏறித் தலைமையாசிரியையின் அறைக்குள் போனார்.

"யாரது?"

"பி.டி. மாஸ்டர் மேடம். உங்க கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

சொல்லிவிட்டார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். தலைகீழாக நின்றது தான் இல்லை, மச்சினன். கயிறு ஏறினது மச்சினன். ஆளைச் சுமந்தது மச்சினன். இன்றைக்கு ஒற்றைக் கையில் யாருமே நிற்கவில்லை. தன் கண்ணின் நிலைமை இது, டாக்டர் சொன்னது இது. நூலகத்துக்கு அனுப்பினாலும் சரி, வீட்டுக்கே அனுப்பினாலும் சரி.

தலைமையாசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எந்த டாக்டர்?"

மாஸ்டர் சொன்னார். விசாரணை தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"மாத்திரை போட்டா பவர் குறையுதா?"

"குறையாதாம் மேடம். நான் கேரட்டும் சேர்த்துத் தின்னு பாத்துட்டேன்."

"எவ்வளவு உங்களுக்கு?"

"மைனஸ் பதினாறு."

"பதினாறுதானா?" என்றார் தலைமையாசிரியை.

பிறகு மேசைக்கு மேலே எட்டி, மாஸ்டரின் மூக்கிலிருந்து கண்ணாடியைத் தானே கழற்றி எடுத்தார். மாஸ்டருக்கு அறையே மறைந்துவிட்டது. தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"மைதானத்துல மரம் இருக்கா?" என்ற குரல் வந்தது. அதட்டலே இல்லாத அப்படி ஒரு குரலை மாஸ்டர் அவரிடம் கேட்டதே இல்லை.

"இருக்கு மேடம். பெரிய மரம்."

"நல்லா இருக்கு" என்றார் தலைமையாசிரியை. திரும்பி வந்து கண்ணாடியை மாஸ்டரின் கையில் வைத்தார். கண்ணாடி போட்டால் பிள்ளைகள் மாஸ்டருக்கு வைத்த பெயரைத் தனக்கும் வைத்துவிடுவார்கள், அப்புறம் யார் பயப்படுவார்கள் என்று நினைத்து, இத்தனை வருஷமாக வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதாக மெதுவாகச் சொன்னார். மாஸ்டருக்கு மனசு கரைந்துவிட்டது. தன் வேலையை மறந்து, முதலில் டாக்டரைப் பாருங்க மேடம், மாடிப்படியில வேகமா இறங்காதீங்க என்று புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார். நூலகமும் கிடையாது, ஒன்றும் கிடையாது, இனிமேல் பள்ளிக்கூடம் முழுக்க நடந்தால் போதும், இந்த அறையில் பேசினது இந்த அறையோடு இருக்கட்டும் என்று தலைமையாசிரியை முடித்துவைத்தார்.

வாசல் வரைக்கும் போன மாஸ்டருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"அப்ப நான் தலைகீழா நின்னது, கயிறு ஏறினது, அதெல்லாம் உங்களுக்கு எப்படி மேடம்...?"

"நான் எங்க பாத்தேன்? எல்லாம் அட்டெண்டர் அக்கா பாத்துச் சொல்றதுதான். அவங்களுக்குக் கழுகுக் கண்ணு."

மாஸ்டர் வெளியே வந்தார். தாழ்வாரத்தில் அட்டெண்டர் அக்கா சுவரைத் தொட்டபடி வந்துகொண்டிருந்தார். மாஸ்டர் அவரை மறித்து, தான் ஒரு நாள்கூடச் செய்யாததையெல்லாம் செய்ததாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

அக்கா அக்கம்பக்கம் ஆள் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேடம் கேக்கும்போது தெரியலைன்னா சொல்ல முடியும்? எனக்கு அந்த ஜன்னல்ல இருந்து மைதானமே தெரியாது சார், பி.டி. மாஸ்டர்னா இதெல்லாம் பண்ணுவாருன்னு நானா நினைச்சுச் சொன்னதுதான்."